சாமான் ஏற்றினால் வண்டி சொன்னபடி கேட்கவில்லையா? கரட்டு வழி வண்டிகளுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

சென்னிமலைக் கரட்டடியாக இருக்கட்டும், காங்கேயத்து இட்டேரியாக (வேலிகளுக்கு நடுவே போகும் மண் வழி) இருக்கட்டும், தாராபுரத்துக் கரிசல் காடாக இருக்கட்டும், மோட்டார் சைக்கிள் தொந்தரவு கொடுத்தால் முதலில் ஃபோர்க் ஆயிலை மாற்றுகிறார்கள். அடுத்து ஹேண்டில் பேரிங். பின்னால் கட்டியிருக்கும் 15 கிலோ மூட்டையின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆகவே பட்டறைக்குப் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சாமான் அத்தனையையும் இறக்கி வையுங்கள். தொந்தரவு வந்த அதே அரை கிலோமீட்டரை அதே வேகத்தில் வெறும் வண்டியாக ஓட்டுங்கள். தொந்தரவு அப்படியே இருந்தால் பிழை வண்டியில். காணாமல் போனால் பிழை பாரத்தில். கீழே உள்ளதெல்லாம் இரண்டாவது வகைக்கு.

இங்கே சொல்வது இட்டேரி, கரடு, பள்ளம், ஊராட்சி மண் சாலைகளுக்கு. சத்தியமங்கலம், ஆனைமலை புலிகள் காப்பகங்களின் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டி இறக்கக் கூடாது. எவ்வளவு நன்றாகச் சாமான் கட்டியிருந்தாலும் அது குற்றம்தான்.

“முன்னாடி நிக்கவே மாட்டீங்குது, மணல்ல அலையுது”

இட்டேரி மணலில் ஹேண்டில் இடமும் வலமுமாக ஆடும். வளைவில் முன் சக்கரம் திருப்பிய பக்கம் போகாமல் வெளியே வழுக்கும். மேட்டில் லேசாக முறுக்கினாலே முன்பக்கம் தூக்கும். இரவில் ஹெட்லைட் வெளிச்சம் தரையை விட்டுப் பனை உச்சிக்குப் போகும். இவை சேர்ந்து வந்தால் பாரம் பின் அச்சைத் தாண்டிப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, பின் ஷாக் அமுங்கிக் கிடக்கிறது என்று பொருள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வகை வண்டிகளில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே சுமார் 1,400 மி.மீ. இருக்கும். பின் அச்சுக்கு 300 மி.மீ. பின்னால் 10 கிலோ வைத்தால் முன் சக்கரத்திலிருந்து 2 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக எடை குறையும். சிறிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் அந்த 10 கிலோ தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து, வண்டி 20 டிகிரி சரிவில் ஏறினால், பாரம் இன்னும் 360 மி.மீ. பின்னால் நகர்ந்ததற்குச் சமம். முன் சக்கரம் மேலும் இரண்டரை கிலோ இழக்கும். இது நின்ற நிலைக் கணக்கு மட்டுமே. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த மூட்டை துள்ளி விழுகிறதே, அந்த இடி இதில் சேரவில்லை. அதே 10 கிலோவைப் பின் அச்சுக்கு முன்னால், சீட்டுக்குப் பக்கத்தில் தாழ்வாகக் கட்டினால் முன் சக்கரம் எடை இழக்காது, கொஞ்சம் பெறவும் செய்யும்.

சரிசெய்ய வேண்டிய வரிசை இது:

1. கனமானவற்றை முதலில் பிரியுங்கள்: தண்ணீர், ஸ்பேனர் செட், டயர் லீவர், ஸ்பேர் டியூப், செயின் லிங்க். இவை கேரியரில் இருக்கவே கூடாது. பக்கப் பைகளின் அடியில், முன் ஓரத்தில் போகட்டும்.
2. கேரியரில் துணி, தூங்கும் பை, தார்ப்பாய் மாதிரி பருமனாக இருந்தும் கனம் இல்லாதவை மட்டும். அதையும் முன்னால் தள்ளிச் சீட்டில் பாதி ஏறும்படி கட்டுங்கள்.
3. பிறகுதான் ஷாக்கின் பிரீலோடை, அதாவது சுருளை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவைத் தொட வேண்டும்.

பிரீலோடைக் கண் மதிப்பில் திருப்பாதீர்கள், அளந்து திருப்புங்கள். பின் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி, பின் அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே சைடு பேனலில் ஒட்டிய டேப் வரை அளந்து கொள்ளுங்கள். பிறகு சாமானோடு, கவசங்களோடு ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை அதே அளவை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின் ஷாக்கின் மொத்தப் பயணத்தில் 30 விழுக்காடு இருந்தால் சரி. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி வண்டியில் பின் பயணம் 170 மி.மீ., ஆக 50 மி.மீ. அமுங்கலாம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ல் 180 மி.மீ., ஆக 54. எக்ஸ்பல்ஸில் 68 மி.மீ.க்கு (40 விழுக்காடு) மேல் போகிறது, பிரீலோடும் கடைசி வரை ஏற்றியாகிவிட்டது என்றால் அந்தச் சுருள் இந்தப் பாரத்துக்குப் போதாது. சாமானைக் குறையுங்கள், அல்லது கனமான சுருள் போடுங்கள். வேறு வழி கிடையாது.

“மூட்டை சாயுது, எவ்வளவு இறுக்கினாலும் அவிழுது”

பையைப் பிடித்து உலுக்குங்கள். வண்டி சேர்ந்து உலுங்க வேண்டும். பை மட்டும் தனியாக உலுங்கினால் கட்டு தவறு.

நம் ஊரில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் சோளத்தட்டுக் கட்டையும் பால் கேனையும் டியூப் வார் போட்டுக் கட்டிக் கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ரப்பர்தான் கட்டு என்ற நம்பிக்கை உண்டு. தார் ரோட்டுக்கு அது நல்ல கட்டு. கரட்டில் அதுவே எதிரி. குழியில் வண்டி கீழே போகும்போது ரப்பர் நீண்டு மூட்டையை மேலே விடும், வண்டி மேலே வரும்போது மூட்டை கீழே அறையும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு சம்மட்டி அடி. கேரியர் வெடிப்பதும் போல்ட் லூசாவதும் இங்கேதான் தொடங்குகிறது. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு இன்னும் மோசம். கொக்கி நழுவினால் நேராகச் செயினுக்குள் போகும், அல்லது கண்ணுக்கு வரும்.

நீளாத நாடா வேண்டும். 25 மி.மீ. அகல நைலான் நாடாவும், இழுத்தால் பிடித்துக்கொள்ளும் கேம் பக்கிளும் போதும். லாரிக்குப் போடும் ராட்செட் வேண்டாம். அது பையையும் கேரியர் குழாயையும் நெளித்துவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சாமான் கொடுக்கும் கடைகளில் நாடாவும் பக்கிளும் மீட்டர் கணக்கில், உருப்படிக் கணக்கில் கிடைக்கும். நாடா வாங்கியதும் முனையைச் சுட்டு உருக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரிந்துகொண்டே போகும்.

கட்டும்போது இரண்டு நாடா குறுக்காக, ஒரு நாடா முன்னிழுப்பாக. பலர் விடுவது அந்த மூன்றாவதைத்தான். குறுக்கு நாடாக்கள் மூட்டையைக் கீழே அழுத்தும், பின்னால் வழுக்குவதைத் தடுக்காது. மேட்டில் மூட்டை வழுக்கி மட்கார்டு மேல் உட்காருவது அதனால்தான். டியூப் வாரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நாடா கட்டி முடித்தபின் மேலே ஒரு சுற்றுப் போடுங்கள். துணி மூட்டை ஓட ஓட அமுங்கித் தளரும், அந்தத் தளர்ச்சியை ரப்பர் எடுத்துக்கொள்ளும்.

மிஞ்சும் நாடா முனைகளைச் சுருட்டி முடிச்சிடுங்கள். ஒரு சாண் நீளம் தொங்கினால் போதும், ஸ்ப்ராக்கெட் அதைப் பிடித்துவிடும்.

“கேரியர் போல்ட்டு லூசாயிட்டே இருக்குது”

கட்டு சரியாக இருந்தும் போல்ட் லூசாகிறதா? வாஷருக்கு அடியில் பாருங்கள். பவுடர் கோட்டிங் தடிமனாக இருந்தால் போல்ட் இறுகுவது அந்தப் பெயிண்ட் மேல்தான். அதிர அதிரப் பெயிண்ட் நசுங்கும், இறுக்கம் போய்விடும். வாஷர் உட்காரும் வட்டத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, மெல்லிய கிரீஸ் பூசி, வாஷர் போட்டு இறுக்குங்கள். மரையில் கிரீஸ் படக் கூடாது, அங்கே நீல நிற லாக்டைட் (மரைப் பசை) ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம். அது சூடு காட்டாமல் கழலாது, வழியில் கழற்ற வேண்டி வந்தால் தவித்துப் போவீர்கள்.

தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டையே போடுங்கள். இறுக்கும் அளவு எம்6-க்கு (6 மி.மீ. போல்ட்) 10, எம்8-க்கு 22 முதல் 25 நியூட்டன் மீட்டர். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை திரும்ப இறுக்கிவிட்டு, நட்டின் மேலிருந்து சட்டம் வரை பெயிண்ட் பேனாவால் ஒரே கோடு இழுங்கள். அதன் பிறகு ஸ்பேனர் தேவையில்லை. டீக்கடையில் நிற்கும்போது கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

போல்ட் முறிகிறது

முறிந்த முகத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். முகம் முழுக்க ஒரே மாதிரி சொரசொரப்பாகப் பளபளத்தால் ஒரே அடியில் முறிந்தது, அதாவது வண்டி விழுந்தது அல்லது பாரம் மிக அதிகம். ஒரு பகுதி வழவழப்பாகக் கறுத்தோ துருப்பிடித்தோ இருந்து, மீதி மட்டும் புதிதாகப் பளபளத்தால் அது பல நாளாக வெடித்துக்கொண்டே வந்திருக்கிறது. இந்த இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் காரணம் நீண்ட ஸ்பேசர். சைலன்சரைத் தாண்டக் கேரியரை 40 மி.மீ. வெளியே தள்ளி, குழாய்த் துண்டைச் செருகி நீள போல்ட் போட்டிருப்பார்கள். அங்கே போல்ட் இறுக்கும் வேலையை விட்டுவிட்டு நெம்புகோலாக வளைந்துகொண்டிருக்கும். எம்10 போட்டால் சற்று நாள் தாங்கும், அவ்வளவே. ஸ்பேசர் முனையிலிருந்து சட்டத்துக்கு ஒரு குறுக்குத் தாங்கி கொடுத்தால்தான் வளைவது நிற்கும். கோவையில் கணபதி, பீளமேடு பக்கத்தில் எந்த லேத்துப் பட்டறையிலும் ஒரு மணி நேர வேலை.

வெல்டிங் வெடிக்கிறது

வெடிப்பு பெரும்பாலும் வெல்டிங்கின் நடுவில் வராது, அதன் ஓரத்தில் குழாய் தொடங்கும் இடத்தில் வரும். பெயிண்டில் முடி அளவு கோடு, அதைச் சுற்றித் துருக்கசிவு. பார்த்தால் அன்றே பாரத்தை இறக்குங்கள்.

வெடித்த இடத்தின் மேலேயே இன்னொரு வெல்டிங் போட்டால் அடுத்த பயணத்தில் பக்கத்தில் வெடிக்கும். வெடிப்பு முடியும் நுனியில் 3 மி.மீ. துளை போட்டு, கோட்டை அரைத்து எடுத்து, வெல்டிங் செய்து, மேலே முக்கோணத் தகடு ஒன்று வைத்துச் சேர்க்க வேண்டும். கேரியரைக் கழற்றிக் கொண்டுபோய் வெல்டிங் செய்வதே நல்லது. வண்டியிலேயே செய்துதான் தீர வேண்டும் என்றால் பெட்ரோல் டேங்கை இறக்குங்கள், பேட்டரியின் மைனஸ் ஒயரையும் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) கப்ளரையும் கழற்றுங்கள், எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்கு ஒட்டி மாட்டுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் இதை விட்டுவிட்டு வெல்டிங் வைத்தால் இசியு போய்விடலாம், அது கேரியரை விடப் பெரிய செலவு.

வழியில் முறிந்தால்? உடைந்த குழாயின் நெடுக்கே டயர் லீவரை வைத்து, ஹோஸ் கிளிப் இரண்டு போட்டு இறுக்குங்கள். கிளிப் இல்லையா, கட்டுக்கம்பி. எலும்பு முறிவுக்குச் சிம்பு கட்டுவது மாதிரிதான். கேரியர் பாரத்தை அப்படியே சீட்டுக்கு மாற்றிவிட்டு மெல்ல ஊர் வந்து சேருங்கள்.

“ஒரு பக்கமா இழுக்குது”

எக்ஸ்பல்ஸில் சைலன்சர் வலப்பக்கம் மேலே ஏறிப் போகிறது. அதைத் தாண்டி வலது பை வெளியே நிற்கும், இடது பை உடம்போடு ஒட்டியிருக்கும். இரண்டிலும் ஒரே எடை போட்டால் வண்டி வலப்பக்கம்தான் சாயும். வண்டியின் நடுக்கோட்டிலிருந்து பையின் நடு வரை அளந்து, அந்தத் தூரத்தை எடையால் பெருக்கி இரண்டு பக்கமும் சமமாக்குங்கள். இடது 280 மி.மீ. தூரத்தில் 5 கிலோ என்றால் வலது 350 மி.மீ. தூரத்தில் 4 கிலோ. தொங்கு தராசு ஒன்று வீட்டில் இருந்தால் போதும்.

ஆடி மாதம் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் இழுத்தால் இந்தக் கணக்கைக் குறை சொல்ல முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காற்றாலையையே சுற்றும்போது, கேரியரில் நிற்கும் உயரமான மூட்டை பாயாகத்தான் வேலை செய்யும். மூட்டையின் உயரத்தைக் குறையுங்கள், வேகத்தையும்.

பை உருகுகிறது, கருகிய வாடை வருகிறது

நிற்கும்போது இருக்கும் இடைவெளியை நம்பாதீர்கள். ஓடும்போது பை உள்ளே அமுங்கும். உள்ளங்கையால் பையைச் சைலன்சர் பக்கம் முழுப் பலத்தோடு தள்ளுங்கள். அப்போதும் இரண்டு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் தாங்கு சட்டம் போடாமல் துணிப் பை தொங்கவிடக் கூடாது. சைலன்சர் வாய் பையை நோக்கி இருக்கிறதா என்பதையும் குனிந்து பாருங்கள்.

டூல் பையில் சத்தம், சாம்பல் நிறப் பொடி, ஓட்டை விழுந்த புது டியூப்

பயணத்தில் மனம் உடையும் இடம் இதுதான். ஸ்பேர் டியூப் இருக்கிறது என்ற தைரியத்தில் சக்கரத்தைக் கழற்றி, பழைய டியூபை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டிக் காற்றடித்தால் உஸ்ஸென்று போகிறது. முள் குத்தவில்லை. ஸ்பேனரின் விளிம்பு நூறு கிலோமீட்டர் உரசி உரசி ஓட்டை போட்டிருக்கிறது.

பையைத் திறந்ததும் அடியில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரிப் பொடி இருந்தால் அது அலுமினியத் துகள். அலுமினிய டயர் லீவரை இரும்பு ஸ்பேனர் தேய்த்திருக்கிறது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் கறுப்பாக ஒட்டும். இந்தப் பொடி இருக்கிற பையில் டியூப் கிடந்தால் அதை வெளியே எடுத்துக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கிப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

ஸ்பேனர்களுக்குக் கேன்வாஸில் சுருள் பை தைத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாய் தைக்கும் கடையில் தைத்துக் கொடுப்பார்கள். ஒரு ஸ்பேனருக்கு ஓர் அறை, மேலே மடிப்பு, சுருட்டியபின் இரண்டு முனையிலும் நாடா. நடுவில் ஒரே நாடா போட்டால் முனைகள் தளர்ந்து சத்தம் தொடரும். டியூபுக்கு வேறு இடம். காற்றை முழுக்க எடுத்து, வால்வு நட்டைக் கழற்றித் தனியே வைத்து, வால்வைச் சுற்றித் துணி கட்டி, டால்கம் பவுடர் தூவி, தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே பழைய பனியன் துணி சுற்றுங்கள். இடம் இல்லையென்றால் 21 அங்குல முன் டியூப் ஒன்று மட்டும் போதும். அவசரத்துக்கு அதை 18 அங்குலப் பின் டயரில் மடித்துப் போட்டு ஊர் வந்து சேரலாம். பின் டியூபை முன்னால் போட முடியாது.

பஞ்சர் சொல்யூஷன் ஒருமுறை திறந்தால் காய்ந்துவிடும், கரூர் வெயிலில் இன்னும் வேகமாக. சின்ன டியூபாக, திறக்காதவை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஸ்பேனரை எடுப்பது என்பதற்குப் பட்டியல் கேட்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சாளையில் வண்டியை நிறுத்தி, டூல் பையில் உள்ளவற்றை மட்டும் வைத்து இரண்டு சக்கரங்களையும் கழற்றி, டியூபை எடுத்து மாட்டி, கிளட்ச் கேபிளையும் ஏர் ஃபில்டரையும் கழற்றி மாட்டுங்கள். தொடாத ஸ்பேனர் வீட்டில் இருக்கட்டும். வீட்டுக்குள் போய் எடுத்து வந்தது பையில் ஏறட்டும். செயின் லிங்க் மட்டும் உங்கள் செயினின் பக்கத்தகட்டில் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

டூல் பைப்பின் மூடி திறக்கவில்லை, அல்லது மூடியே காணோம்

பிவிசி பைப்பில் டூல் டப்பா செய்வது நல்ல யோசனை, தோட்டத்தில் துண்டுக் குழாய்க்குப் பஞ்சமில்லை. இன்ஜின் முன்பக்கம் சைலன்சர் குழாய்க்கு அருகே மட்டும் மாட்டாதீர்கள், சூட்டில் இளகி முட்டை வடிவமாகும், மரை பிடித்துக்கொள்ளும். கரிசல் சேறு காய்ந்து மரையில் இறுகினாலும் அதே கதி. மரையில் கிரீஸ் பூசுங்கள், அடிப்பக்கம் 4 மி.மீ. துளை ஒன்று தண்ணீர் வடிய. மூடியைத் துளைத்து ஒரு சிறு கம்பிக் கயிற்றால் பைப்போடு கட்டிவிட்டால் கழன்றாலும் தொலையாது.

முள் இல்லாமலே பஞ்சர்

டியூபில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டு, பாம்பு கடித்த மாதிரி. வெங்கச்சாங்கல் (வெண்ணிறப் படிகக்கல்) விளிம்பில் டயர் முழுக்க அமுங்கி ரிம்மோடு நசுங்கியிருக்கிறது. பாரம் ஏற்றிய பிறகும் வெறும் வண்டிக்கு வைத்த காற்றையே வைத்திருப்பதுதான் காரணம். 15 கிலோ ஏற்றினால் பின் டயரில் 4, 5 பிஎஸ்ஐ கூட்டுங்கள். வால்வு ரிம்முக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து நின்றால் டயரோடு டியூப் நகர்கிறது. அதற்கும் காற்றுக் குறைவே காரணம், வால்வு நட்டை இறுக்கி நேராக்கப் பார்த்தால் வால்வு அடியோடு கிழியும்.

முள் பஞ்சர் வேறு. கொறங்காட்டு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) ஓரத்தில் கிளுவை வேலி, வெள்வேலான், சீமைக்கருவேலம் எல்லாம் உண்டு. ஒரு முள்ளை எடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். டயரின் உட்புறம் முழுவதையும் துணியால் தடவுங்கள், துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கும். விரலால் தடவினால் விரலில் ஏறும்.

முதுகும் தோளும் வலிக்கிறது

முதுகுப் பையில் இரும்பு இருக்கிறது. எடுத்துவிடுங்கள். வலிக்காக மட்டும் சொல்லவில்லை. மல்லாக்க விழும்போது முதுகெலும்புக்கும் கல்லுக்கும் நடுவே ஸ்பேனர் இருக்கக் கூடாது. முதுகில் இரண்டு லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, சாப்பாடு, அவ்வளவு போதும். இடுப்பு நாடாவை இறுக்கி எடையை இடுப்புக்கு இறக்குங்கள்.

விழுந்த வண்டிக்கு அடியில் முதலுதவிப் பை மாட்டிக்கொண்டது

வண்டி எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாது. பக்கப் பை எதிலுமே முதலுதவிச் சாமான் வைக்காதீர்கள். கால் வண்டிக்கு அடியில் இருக்கும்போது ஒற்றைக் கையால் எட்டும் இடத்தில், மார்புப் பையிலோ இடுப்புப் பையிலோ இருக்கட்டும். போனும் அங்கேயே, ஹேண்டில் பாரில் அல்ல.